அம்மாயியின் கசெட்: கோவில் மணியை வைத்து வேகம் பிடித்த அனுபவம்

அம்மாயி (அம்மாவின் அம்மா) பேசிய கசெட்டின் முதற்பக்கம் ஒருவழியாகச் சரியான வேகத்துக்கு வந்துவிட்டது. 1980களின் பிற்பகுதியில், குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போயிருந்த சித்திக்காகப் இலங்கை மலைநாட்டின் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்திலிருந்து (தொழிலாளர் வரிசை வீட்டிலிருந்து) அவர் பதிந்து அனுப்பிய சி-60 (அறுபது நிமிட) நாடா அது. கசெட் கருவியின் பெல்ட்டை மாற்றுவது, ஒலித்தலையைத் துடைப்பது, அதன் சாய்வை நாடாவுக்கேற்பத் திருகுவது எல்லாம் இதில் கைவைத்தவர்களுக்குத் தெரிந்தவை என்பதால் விட்டுவிடுகிறேன்.

சிக்கல் முழுவதும் வேகத்தில்தான் இருந்தது. லயத்தில் அப்போது மின்சாரம் இல்லாததால் பற்றரியில் பதிந்திருக்கிறார்கள். பற்றரி இறங்க இறங்க மோட்டார் தளர்ந்திருக்கிறது. அப்படிப் பதிந்ததை வினாடிக்கு 4.76 செ.மீ. என்ற முறையான வேகத்தில் ஓட்டினால், பேச்சு போகப்போக விரைந்து, அவருடைய கனத்த குரல் முடிவில் யாரோ இளம்பெண்ணின் குரலாகிவிடுகிறது. மின்சாரத்தில் ஓடிய கருவியென்றால் நாடாவில் பதியும் மின்சாரத்தின் 50 ஹேர்ட்ஸ் இரைச்சலையாவது அளவுகோலாகக் கொள்ளலாம். இதில் அதற்கும் வழியில்லை.

கைகொடுத்தது மாரியம்மன் கோவில் மணி. பக்கம் முடியும் இடத்தில், அவர் பேரப்பிள்ளைகளின் சேட்டைகளைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, மாலைப் பூசை மணி பின்னால் கேட்கிறது. அதே மணி இன்றும் அங்கேயே தொங்குவதால், பூசாரி ஐயாவிடம் கேட்டு அதைக் கைபேசியில் பதிந்துவந்து, ஓடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளில் இரண்டையும் ஒப்பிட்டேன். ஒரு மணியில் பல சுருதிகள் சேர்ந்தொலிக்கும் என்பதால் உரத்த உச்சத்தை மட்டும் நம்பக் கூடாது. எல்லா உச்சங்களும் ஒரே விகிதத்தில் நகர்ந்திருந்தால்தான் அது வேக மாற்றம். நகர்ந்திருந்தன, ஏறத்தாழ 12 வீதம். ஆனால் தொடக்கம் முதல் முடிவுவரை அந்த 12 வீதத்தைச் சீராகப் பரப்பினால் நடுப்பகுதி இழுபடுகிறது, ஏனெனில் பற்றரி கடைசியில்தான் மளமளவென்று இறங்கும். எனவே பக்கத்தைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் சித்தியின் காதுக்குக் கொடுத்து, "இதுதான் அம்மா" என்று அவர் தலையாட்டும்வரை திருத்தினேன். எந்த மென்பொருளையும்விட அந்தக் காது நுட்பமானது.

வேகத்தில் கரைந்திருந்த பகுதிகள் இப்போது விளங்குகின்றன. இந்திய வம்சாவளியினரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப இரு நாடுகளும் செய்த 1964 ஒப்பந்தத்தின்கீழ் தம் தம்பியின் குடும்பம், அங்கே கப்பலேறுவதற்காகத் தலைமன்னார்க் கோச்சி (ரயில்) ஏறியபோது, கைக்குழந்தையாக இருந்த என் அம்மாவின் காய்ச்சலால் தாம் ஹட்டன் வரைகூடப் போய் வழியனுப்ப முடியாததை அதில் சொல்கிறார். 1984 இல் பெண்களுக்கும் ஆண்களுக்குச் சமமான நாட்சம்பளம் வந்தபின், கூடக் கிடைத்த காசைச் சீட்டுக் கட்டித்தான் சித்தியின் பாஸ்போட்டுக்குக் கொடுத்திருக்கிறார். அதை நன்றிக் கடனாகச் சொல்லிக்காட்டாமல், "ஒம் புள்ளைகளப் பத்தி யோசிக்காத, நேரத்துக்குச் சாப்புடு" என்று அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறார்.

இரைச்சல் நீக்கியைப் பயன்படுத்தப் போவதில்லை. தகரக் கூரையில் விழும் மழையை அழிக்கப் போனால் அவருடைய சகரமும் சேர்ந்து அழிகிறது. மேலும், அந்த மழையில்தானே அவர் காலமெல்லாம் படங்கை (இடுப்பில் சுற்றும் தடித்த துணியை) கட்டிக்கொண்டு கொழுந்து பறித்தார்!

பெல்ட் வாங்குவோருக்கு ஒரு வார்த்தை: கொழும்புப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போனால் பழைய பெல்ட்டைக் கையோடு கொண்டுபோய் அளந்து வாங்குங்கள். ஒரு கடையில் "எல்லாத்துக்கும் இதுதான்" என்று தந்தது ஒரு வாரத்திலேயே தளர்ந்துவிட்டது.

இரண்டாம் பக்கத்தை இன்னும் தொடவில்லை. நாடாவின் விளிம்பில் பூஞ்சணம் வெண்மையாகப் படர்ந்திருக்கிறது. மலைநாட்டு ஈரத்தில் அலுமாரிக்குள் கிடந்தால் இதுதான் கதி. அதற்குள் மனம் அடுத்த கசெட்டுக்குத் தாவிவிட்டது. தம்பி குடும்பம் நீலகிரியில், தாயகம் திரும்பியோருக்காகத் தொடங்கப்பட்ட டேன்டீ (தமிழ்நாடு அரசின் தேயிலைக் கழக) தோட்டத்தில் குடியேறியது. அம்மாயி அவர்களுக்குப் பேசி அனுப்பிய நாடாவொன்று கோத்தகிரியில் இருக்கிறதாம். அதன் கூடு திருகாணியில்லாமல் ஒட்டப்பட்ட வகை என்று அந்தத் தம்பியின் பேரன் சொல்வதால், நாடாவை மாற்றிப் போடத் திருகாணி வைத்த வெறுங்கூடு ஒன்றை இப்போதே தேடத் தொடங்கியிருக்கிறேன்.