கானாடுகாத்தான் வீட்டில் ஒரு பிரிட்ஜ்

செட்டிநாட்டு வீட்டுக்கு வைஃபை போட்டவர்களுக்குத் தெரியும்: முகப்பில் ரூட்டர் வைத்தால் சிக்னல் நடு முற்றமான வளவைத் தாண்டுவதற்குள்ளேயே திணறும், அதற்குப் பின்னுள்ள இரண்டாங்கட்டில் ஒன்றுமே கிடைக்காது. சுவர் கனம் அப்படி. ஆகவே கேபிள்தான். கானாடுகாத்தானில் நான் வேலை எடுத்த வீட்டில் வளவு ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை பரப்பும் பெட்டி), இரண்டாங்கட்டு ஆக்சஸ் பாயின்ட், கேமரா என்விஆர் (பதிவுப் பெட்டி) என்று மூன்று கேபிளும் முகப்பு அறைக்கு வந்து சேர்ந்தன. அங்கே ஓபிஎன்சென்ஸ் என்ற ஃபயர்வால்-ரூட்டர் மென்பொருள் ஓடும் நான்கு போர்ட் பெட்டி ஒன்று. ஒரு போர்ட் இன்டர்நெட்டுக்கு, மற்ற மூன்றும் ஒரே நெட்வொர்க்காக வேண்டும். தனித்தனி நெட்வொர்க்காக விட்டால், கேமராவைத் தானாகத் தேடும் மொபைல் ஆப் அதைக் கண்டுபிடிக்காது.

இதற்குச் சின்ன சுவிட்ச் ஒன்று போதுமே என்பீர்கள். போதும், அதுதான் நல்லதும்கூட. சுவிட்ச் அந்த வேலையைத் தன் சிப்பிலேயே முடித்துவிடும். பிரிட்ஜ் போட்டால், அதாவது பெட்டியின் போர்ட்டுகளை மென்பொருளிலேயே ஒரே நெட்வொர்க்காக இணைத்தால், பெட்டியின் சிபியு சுமக்க வேண்டும். ஆனால் இன்வெர்ட்டர் லைனில் மிச்சமிருந்தது ஒரே ஒரு பிளக். சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்கோ, கரண்ட் போனாலும் கேமரா தெரிய வேண்டும். சரி, பிரிட்ஜே போடுவோம் என்று முடிவானது.

இதில் கவனிக்க வேண்டியது வரிசை. லேப்டாப் செருகியிருந்த ஐஜிசி1 போர்ட்தான் அப்போதைய லேன் (வீட்டு உள் நெட்வொர்க்). எடுத்த எடுப்பில் அதை பிரிட்ஜில் சேர்க்கப் போனால், உட்கார்ந்திருக்கும் கிளையையே வெட்டுவதுதான். கான்ஃபிகரேஷனை பேக்கப் எடுத்துக்கொண்டு, சும்மா இருந்த ஐஜிசி2, ஐஜிசி3 இரண்டையும் அசைன் செய்து எனேபிள் மட்டும் செய்தேன். ஐபி எதுவும் கொடுக்கவில்லை. ஐபி பிரிட்ஜுக்குத்தான், உறுப்புப் போர்ட்டுகளுக்கு அல்ல. அவை இரண்டையும் வைத்து பிரிட்ஜ்0 உருவாக்கினேன்.

அடுத்தது டியூனபிள்ஸ் என்ற உள் செட்டிங்குகள். பிஃபில்_மெம்பர் 0, பிஃபில்_பிரிட்ஜ் 1, அதாவது ஃபயர்வால் வடிகட்டுவது உறுப்புப் போர்ட்டுகளில் வேண்டாம், பிரிட்ஜில் போதும். பலர் இதைக் கடைசியில் செய்கிறார்கள். நான் லேனை மாற்றுவதற்கு முன்பே செய்துவிடுவேன். மாற்றாமல் விட்டால் ஃபயர்வால் ஒவ்வொரு போர்ட்டிலும் தனியாக வடிகட்டும். புதுப் போர்ட்டில் ரூல் எதுவும் இருக்காது, எல்லாம் பிளாக். லேப்டாப்புக்கு ஐபிகூட வராமல், கேபிள்தான் கெட்டுவிட்டது என்று கிரிம்பிங் டூலைத் தேடிக்கொண்டிருப்போம்.

பிறகு அசைன்மென்ட்ஸில் லேனை ஐஜிசி1-லிருந்து பிரிட்ஜ்0-க்கு மாற்றி அப்ளை கொடுத்தேன். திரை அப்படியே உறைந்தது. உறையத்தான் வேண்டும், ஐஜிசி1 இப்போது லேன் அல்ல. கேபிளைப் பிடுங்கி ஐஜிசி2-இல் செருகினேன். பெட்டியிடமிருந்து பதில் வருகிறதா என்று பார்க்கும் பிங் ஓடிக்கொண்டிருந்த கறுப்பு விண்டோவில் "டைம்ட் அவுட்" வரிசையாக விழுந்தது.

"தம்பி, நெட்டு வந்துருச்சா? பேரன் கூப்பிடுற நேரம்" என்று பட்டாலையிலிருந்து ஆச்சி.

"வந்துரும் ஆச்சி, ஒரு நிமிஷம்."

பதில் வரத் தொடங்கியது. விண்டோஸ் மட்டும் புது நெட்வொர்க்கைக் கண்டதுபோல பப்ளிக்கா, பிரைவேட்டா என்று கேட்டது. கேட்வேயின், அதாவது இந்தப் பெட்டியின், மேக் முகவரி (நெட்வொர்க் அடையாள எண்) இப்போது பிரிட்ஜுடையது, அதனால்தான். லேன் ஐபி, மற்ற கருவிகளுக்கு ஐபி வழங்கும் டிஹெச்சிபி, ரூல் எல்லாம் பழையபடியே இருந்தன. காலியான ஐஜிசி1-ஐயும் அசைன் செய்து பிரிட்ஜில் சேர்த்து, பெட்டியை ஒருமுறை ரீபூட் செய்தேன். மூன்று கேபிளையும் செருகியதும் ஆக்சஸ் பாயின்ட்டுகள் உடனே வந்துவிட்டன. என்விஆரை மட்டும் ஆஃப் செய்து ஆன் செய்ய வேண்டியிருந்தது.

கிளம்புமுன் மூன்று போர்ட்டிலும் டேப் ஒட்டி எது எங்கே போகிறது என்று எழுதினேன். நாளை யாராவது இரண்டாங்கட்டில் சுவிட்ச் வாங்கி வைத்து, அதிலிருந்து இரண்டு கேபிளை இந்தப் பெட்டிக்கே கொண்டுவந்து செருகினால் டேட்டா சுற்றிச் சுற்றி வந்து, லூப் ஆகி மொத்த நெட்டும் படுத்துவிடும். அதைத் தடுக்க பிரிட்ஜ் செட்டிங்கில் எஸ்டிபி இருக்கிறது. அதையும் மூன்று போர்ட்டுக்கும் போட்டுவிட்டுத்தான் வந்தேன்.