டெப்பைப் பூட்டாமல் படுத்த இரவு

எட்டு வயதில் மூளைக்காய்ச்சல் வந்து எனக்கு இரண்டு காதும் போனது. கதைப்பேன், மற்றவர் கதைப்பதை உதட்டைப் பார்த்து விளங்கிக்கொள்வேன். மட்டக்களப்பு கல்லடியில் ஒரு மாடிவீட்டின் மேல்தளத்தில் வாடகைக்கு இருக்கிறேன். கீழே வீட்டுக்கார மாமா குடும்பம்.

போன கார்த்திகையில் ஒருநாள் பின்னேரம் பைப் தண்ணி நின்றுபோனது. பாத்ரூமில் வாளியை வைத்து டெப்பைத் திறந்தேன். காற்றுத்தான் வந்தது. அது புஸ்ஸென்று சத்தம் போடுமாம், நான் கையை வைத்துத்தான் பார்ப்பேன். பூட்ட மறந்து படுத்துவிட்டேன்.

முகத்தில் வெளிச்சம் பட்டுத்தான் எழும்பினேன். ஜன்னலுக்கு வெளியே படியில் நின்று யாரோ டோர்ச் அடிக்கிறார்கள். காலைக் கீழே வைத்தால் பாதம் மூடத் தண்ணி. மணி மூன்று. போனில் 14 மிஸ்ட் கோல். அரை மணித்தியாலமாகக் கதவைத் தட்டினார்களாம்.

கீழே ஓடினேன். சீலிங் லைட்டுக்குள் தண்ணி இறங்கி ட்ரிப் சுவிட்ச் விழுந்து வீடே இருட்டு. மாமா ஏசுகிறார் என்பது தோள் ஆடுவதில் தெரிகிறது, என்ன சொல்கிறார் என்று தெரியவில்லை. இருட்டில் உதடு எங்கே தெரியும்? போன் லைட்டை அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என் கையைத் தட்டிவிட்டார். திமிர் என்று நினைத்திருப்பார். மாமி டோர்ச்சை வாங்கித் தன் வாய்க்குக் கீழே பிடித்து, "மெயினப் பூட்டியாச்சு மனே, பயப்பிடாத" என்றா.

விடிந்ததும் தம்பியைக் கூப்பிடச் சொன்னார்கள். வாழைச்சேனையிலிருந்து வந்தான். நான் பக்கத்தில் நிற்க, மாமா அவனைப் பார்த்தே கதைத்தார்: காது கேளாத பிள்ளைக்கு மேல்வீடு சரிவராது, அட்வான்சில் கழித்துவிட்டு வீட்டை விடட்டும்.

டெப்பைத் திறந்துவிட்டது என் பிழை, அதை மறைக்கவில்லை. காது கேட்கிற ஆட்களும் டெப்பைத் திறந்துவிட்டுக் கொழும்புக்குப் பஸ் ஏறுகிறார்கள்தானே. ஆனால் பாத்ரூமில் தண்ணி இறங்குகிற குழி அடைத்திருக்காவிட்டால் தண்ணி அதற்குள்ளேயே போயிருக்கும். நான் போனில் கதைக்காதவள் என்பதால் மாமாவோடு எல்லாமே வட்ஸ்அப்பில் எழுத்துத்தான். தேடினேன். புரட்டாதியில் நான் அனுப்பியது, படத்தோடு: "மாமா, குழியில தண்ணி இறங்குதில்ல, பைப் பாஸக் கூப்பிடுங்க." கீழே அவருடைய பதில்: "சரி மனே, பாப்பம்."

போனை அவர் கையில் கொடுத்தேன். கண்ணாடியை எடுத்துவரச் சொல்லி, போட்டு, இரண்டு தரம் வாசித்தார். அதற்குப் பிறகு என்னைப் பார்த்துக் கதைத்தார்.

தண்ணி பில் முழுவதையும் என் தலையில் கட்டவும் பார்த்தார்கள். 10 லீற்றர் வாளியை வைத்து அளந்தேன், ஒரு நிமிஷத்தில் நிறைந்தது. நடுச்சாமத்திலிருந்து ஓடியிருந்தாலும் 1,800 லீற்றர். ஆயிரம் லீற்றர் ஒரு யூனிட், ஆக இரண்டு யூனிட்டுக்கும் குறைவு. அதற்கு மட்டும் கட்டினேன். இணங்கிவராவிட்டால் மத்தியஸ்த சபைக்குப் போகலாம், சட்டத்தரணி தேவையில்லை என்று கிராம சேவகர் தம்பியிடம் சொல்லியிருந்தார். அதுவரை போகவில்லை. லைட்டும் சோபாத் துணியும் என் செலவு, குழி அவருடையது, பூச்சும் பெயின்ற்றும் பாதிப் பாதி. கொப்பித்தாளில் எழுதி இருவரும் கையெழுத்து வைத்தோம்.

உடனே பெயின்ற் அடிக்க மாமா அவசரப்பட்டார். மேசன் பாஸ் விடவில்லை. சிலெப்புக்குள் ஈரம் இருக்கு, மாரியில் அடித்தால் திரும்பக் கொப்புளிக்கும் என்றார். தைக் கடைசி வரை கீழ் ஹோலில் பூஞ்சணத்தோடு இருந்தார்கள். அதுதான் எனக்குக் கூடுதல் கவலை. வாரத்துக்கொருதரம் ஈரத்தின் விளிம்பைப் பென்சிலால் கோடு போட்டேன், கோடு உள்ளே உள்ளே வந்தது.

கரண்ட் பாஸ் கீழே ஒரு சுவிட்ச்சும் என் கட்டிலுக்கு மேலே ஒரு பல்ப்பும் போட்டுத் தந்திருக்கிறார். அமத்தினால் மின்னும். மாமா இன்னும் பழக்கத்தில் கோல்தான் எடுக்கிறார். இரண்டு மிஸ்ட் கோல் விழும், பிறகு பல்ப் மின்னும்.