கொட்ட மனசு வராத பால்

சாண எரிவாயு அடுப்பு எரியவில்லை என்று அழைப்பு வந்தால் நான் முதலில் பார்ப்பது குழாயில் தேங்கிய தண்ணீரை. அப்புறம் வால்வு, பர்னர். மார்கழி என்றால் குளிர்மேல் பழியைப் போட்டுவிட்டு வரலாம். நாமக்கல் பக்கம் ஒரு தோட்டத்தில் எல்லாம் சரியாக இருந்தது, மாதமோ சித்திரை.

2 கன மீட்டர் தீனபந்து வகைச் சாண எரிவாயுக் கலன். நாளுக்கு 50 கிலோ சாணம், அதே அளவு தண்ணீர். வாயு வந்தது, பற்றவில்லை. நீட்டிய தீக்குச்சியையும் அணைத்தது. வெளித்தொட்டியில் புளித்த மோர் வாடை. புளிப்பை அளக்கும் பி.எச். தாளை நனைத்தேன், எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்: 7-ஐ ஒட்டி இருக்க வேண்டியது 5.5 காட்டியது.

"மாட்டுக்கு ஊசி ஏதும் போட்டீங்களாக்கா?"

"மூணு மாட்டுக்கு மடிநோய் தம்பி. அஞ்சு நாள் ஊசி, மடிக்குள்ள ட்யூபு. பாலைச் சொசைட்டிக்கு ஊத்த வேண்டாம்னுட்டாருங்க டாக்டர். கீழ கொட்ட மனசு வரல. சாணத்தோட கரைச்சு உள்ள விட்டுட்டேனுங்க."

அடுப்பில் எரியும் மீத்தேனை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் பாக்டீரியா இனமே அல்ல, ஆர்க்கியா என்ற தனி இனம். பாக்டீரியாவின் செல்சுவரை உடைக்கும் பென்சிலின் வகை மருந்துகள் அவற்றை நேராகத் தொடாது. அடிபடுவது அவற்றுக்கு முன்னால் நின்று அமிலங்களை உடைத்துக் கொடுக்கும் பாக்டீரியாக்கள். பரிமாறுகிறவன் காய்ச்சலில் படுத்தால் பந்தியில் உட்கார்ந்தவன் பட்டினிதானே. உடையாத அமிலம் தேங்கும். புளிப்பு ஏற ஏற ஆர்க்கியாவும் ஓய்ந்துவிடும்.

ஒரு மாட்டுக்கு ஒரு ஊசி போட்டதற்கெல்லாம் கலன் படுத்துவிடாது. மாட்டுக்குப் போடும் ஆக்ஸிடெட்ராசைக்ளின் போன்ற பாக்டீரியா கொல்லி மருந்து பெரும்பாலும் சிதையாமலே சாணத்திலும் மூத்திரத்திலும் வந்தாலும், சாணத்தின் திடப்பொருளில் ஒட்டிக்கொண்டு வீரியம் குறையும். இங்கே மூன்று மாட்டு மருந்தோடு பாலும் சேர்ந்தது. பால் தானாகவே புளிக்கிற சரக்கு. எது எவ்வளவு கெடுத்தது என்று பிரித்துச் சொல்ல என்னிடம் இருந்தது ஒரு பி.எச். தாள் மட்டும்தான்.

பத்து நாள் எதுவும் ஊற்ற வேண்டாம் என்றேன். கொஞ்சம் சுண்ணாம்புத் தண்ணீர், பக்கத்துத் தோட்டத்துக் கலனிலிருந்து நான்கு குடம் கழிவுக் குழம்பு. பிறகு நோயில்லாத மாடுகளின் சாணம், பாதி அளவில். மூன்றாம் வாரம் நீலச் சுடர் நின்றது.

மருந்து மாட்டுச் சாணத்தையும் பாலையும் கிணற்றுக்குத் தள்ளிக் குழி வெட்டிப் போடச் சொன்னேன். அக்கா மண்வெட்டியை எடுத்துக்கொண்டே கேட்டார்: "அந்த மண்ணுக்கு மட்டும் ஒண்ணும் ஆகாதுங்களா தம்பி?"

வண்டியை உடனே எடுக்க முடியவில்லை.