அம்பாசடருக்கு மெக்கானிக்கல் ஆயில் பிரஷர் கேஜ் மாட்டிய கதை

ஆயில் லைட் எரியவில்லை என்றால் பிரஷர் சரியாக இருக்கிறது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். அந்த லைட்டின் சுவிட்ச் பெரும்பாலான வண்டிகளில் 5 பிஎஸ்ஐயை (அழுத்தத்தின் அளவு) ஒட்டித்தான் வேலை செய்யும். ஓடும்போது 50 காட்ட வேண்டிய இன்ஜினில் 12 இருந்தாலும் லைட் அணைந்தே இருக்கும். அது எரியும்போது பேரிங் ஏற்கெனவே தேய்ந்து போயிருக்கும்.

என்னுடையது 1489 சிசி பெட்ரோல் அம்பாசடர். கைக்கு வரும்போதே மீட்டர் போர்டு மாறியிருந்தது. ஆயிலுக்கென்று ஒரு சிவப்பு லைட் மட்டும்தான் இருந்தது. பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் (பிஎம்சி) இதே பி சீரிஸ் இன்ஜினை வைத்து 1955இல் இங்கிலாந்தில் வந்த எம்ஜிஏ ஸ்போர்ட்ஸ் காரில் ஆயில் பிரஷர் கேஜ் கம்பெனியிலிருந்தே உண்டு. கிராங்க் ஷாஃப்டைத் தாங்க மூன்றே மெயின் பேரிங் உள்ள இன்ஜின் இது. அதன் நாடித்துடிப்பு கண்ணில் பட வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை.

எலெக்ட்ரிக் கேஜும் கிடைக்கிறது. நான் மெக்கானிக்கலையே தேர்ந்தெடுத்தேன். பேட்டரி, எர்த், சென்சார் எதையும் அது நம்பியிருப்பதில்லை. உள்ளே இருப்பது 1849இல் பாரிஸில் யூஜின் பூர்தோன் காப்புரிமை பெற்ற வளைந்த தட்டைக் குழாய். திருவிழாக் கடையில் விற்கும், ஊதினால் நிமிரும் காகிதப் பீப்பியை நினைத்துக்கொள்ளுங்கள். ஆயில் உள்ளே அழுத்த அழுத்தக் குழாய் நிமிரப் பார்க்கும். அந்தச் சிறு அசைவைப் பல்சக்கரம் பெரிதாக்கி ஊசியைத் திருப்பும். அவ்வளவுதான்.

இதற்கு ஒரு விலை உண்டு. இன்ஜினின் சூடான ஆயிலை அதே அழுத்தத்தோடு நம் முழங்காலுக்கு மேல்வரை கொண்டுவருகிறோம். குழாய் அறுந்தால் காலில் கொதிக்கும் ஆயில் கொட்டும், கவனிக்காமல் ஓட்டினால் ஆயில் தேங்கி நிற்கும் சம்பும் காலியாகும். அதனால் கேஜுக்குச் செலவிட்டதைவிட அதிக யோசனையைக் குழாய்க்குத்தான் செலவிட்டேன்.

முதலில் மரை. கேஜ் கிட்டில் வந்த பித்தளை நிப்பிள் 1/8 என்பிடி, அதாவது அமெரிக்க மரை. நம் ஊர் ஹார்ட்வேர் கடையில் 1/8 என்று கேட்டால் கொடுப்பது பிஎஸ்பி, அதாவது பிரிட்டிஷ் மரை. என்பிடியில் இஞ்சுக்கு 27 பல், பிஎஸ்பியில் 28. பல்லின் கோணமும் 60 டிகிரி, 55 டிகிரி என்று வேறு. முதல் இரண்டு மூன்று சுற்று இரண்டும் சமர்த்தாக ஏறும், அப்புறம் இறுகும். இறுகிவிட்டதே என்று ஸ்பேனர் போட்டு அழுத்தினால், கூம்பு மரை ஆப்பு மாதிரி இறங்கி இன்ஜின் பிளாக்கையே விரிசல் விட வைக்கும். பிளாக்கிலிருந்து கழற்றிய பழைய ஃபிட்டிங்கைக் கையில் எடுத்துக்கொண்டு கோவை ஆவாரம்பாளையத்தில் ஒரு லேத் பட்டறைக்குப் போனேன்.

"லைட்டுதான் எரியலையேங்க தம்பி, இதெதுக்கு?" என்றார் பட்டறைக்காரர்.

"எரியறதுக்கு முன்னாடியே தெரியணுமுங்கண்ணா."

மரையின் பல்லை அளக்கும் பிட்ச் கேஜை வைத்துப் பார்த்து அடாப்டர் கடைந்து கொடுத்தார். உள்ளே முழுத் துளை போடாமல் ஒரு மில்லிமீட்டர் துளை மட்டும் போடச் சொன்னேன். கேஜுக்குப் போகும் ஆயில் நின்ற இடத்தில் அழுத்தம் காட்டினால் போதும், ஓட வேண்டியதில்லை. துளை சிறியதாக இருந்தால் ஊசி நடுங்காது, குழாய் அறுந்தாலும் ஆயில் மெதுவாகத்தான் வெளியேறும். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

பிளாக்கில் ஆயில் எடுக்கும் இடம் டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம், பின்னால். சைலன்சர் மேனிஃபோல்டு எதிர்ப்பக்கம் என்பதால் சூடு குறைவு. கேஜையும் பழைய ஆயில் சுவிட்சையும் ஒரு டீயில் (மூன்று வாய் உள்ள இணைப்பு) சேர்த்து நேராக பிளாக்கிலேயே தொங்கவிடுபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. இன்ஜின் அதிர அதிர அந்தப் பித்தளைக் கனம் கழுத்தோடு முறியும். நான் பிளாக்கிலிருந்து ஒரு சிறிய ரப்பர் பிரஷர் ஹோஸ் எடுத்து, டீயைப் பாடியில் கிளாம்ப் போட்டு நிறுத்தினேன். இன்ஜின் மவுண்டிங்கில் ஆடும், பாடி ஆடாது. இரண்டுக்கும் நடுவில் வளைகிற பொருள் இருந்தே ஆக வேண்டும். சுவிட்சுக்கு ஒரே ஒயர்தான், எர்த் அதன் உடம்பு வழியாகவே போகிறது. அதனால் கிளாம்ப் உட்காரும் இடத்தில் பெயின்டைச் சுரண்டினேன், சுவிட்ச் மரையில் டெஃப்ளான் டேப்பைக் கனமாகச் சுற்றவில்லை. மற்ற மரைகளிலும் முதல் பல்லை விட்டுத்தான் டேப். முனையில் சுற்றினால் கிழிந்த துணுக்கு அந்த ஒரு மில்லிமீட்டர் துளையை அடைத்துவிடும்.

கிட்டில் வந்த நைலான் குழாயை ஒதுக்கிவிட்டு 1/8 இஞ்ச் காப்பர் குழாய் போட்டேன். அதிர்வில் காப்பர் நாளடைவில் கெட்டிப்பட்டு முறியும் என்பது உண்மை. அதற்காகத்தான் மாட்டும் முன் மங்கிய சிவப்பாகும்வரை காய்ச்சித் தண்ணீரில் முக்கினேன். இரும்புக்கு நேர்மாறாகக் காப்பர் இதில் இளகும். கேஜுக்குப் பின்னால் இரண்டு சுருள் விட்டேன். தகரத்தைத் தாண்டும் இடத்தில் ரப்பர் குரோமெட் கட்டாயம் வேண்டும்.

இன்ஜின் பற்றிக்கொள்ளாதபடி காயில் ஒயரைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரை மட்டும் சுற்றினேன். ஊசி எழுந்தது! பிறகு இன்ஜினை ஓடவிட்டு, ஒவ்வொரு ஜாயின்ட்டையும் டிஷ்யூ பேப்பரால் ஒற்றிப் பார்த்தேன். நன்றாகச் சூடானபின் மறுபடியும்.

20டபிள்யூ-50 ஆயிலில், குளிர்ந்த இன்ஜினில் 60க்கு மேல் காட்டுகிறது. சூடானபின் ஓட்டத்தில் 50ஐ ஒட்டி, ஐட்லிங்கில் 15க்கும் 20க்கும் நடுவில். மேட்டுப்பாளையம் தாண்டி குன்னூர் மலை ஏறி, பர்லியாரில் நிறுத்தும்போது ஐட்லிங் 15க்கு இறங்குகிறது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் உடனே ஏறுகிறது. எனக்கு அது போதும்.

பம்பு ஆயிலைத் தள்ளுகிறது, பேரிங் இடுக்குகள் தடுக்கின்றன. அந்தத் தடுப்புதான் பிரஷராகத் தெரிகிறது. காலையில் நன்றாக இருந்து, சூடானபின் மட்டும் விழுந்தால் முதலில் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். குளிரிலும் சூட்டிலும் ஒரேபோல் குறைவென்றால், பேரிங்கைத் தொடும் முன், அதிகப்படி அழுத்தத்தைத் திறந்துவிடும் ரிலீஃப் வால்வைப் பாருங்கள். இந்த இன்ஜினில் அது இடது பக்கம் பின்னால், குமிழ் நட்டுக்குள் இருக்கும். ஸ்பிரிங் தளர்ந்தோ தூசி சிக்கியோ இருந்தால் செலவு சில நூறு ரூபாயோடு முடியும். வளைவில் மட்டும் ஊசி துள்ளினால் டிப் ஸ்டிக்கை எடுங்கள், பெரும்பாலும் ஆயில் குறைந்திருக்கும்.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் இப்படி ஒரு கேஜைக் கையோடு கொண்டுபோய், சுவிட்சைக் கழற்றிய இடத்தில் மாட்டிப் பார்க்கலாம். ஆனால் இன்ஜின் முழுதாகச் சூடாகும்வரை காத்திருங்கள். கெட்டியான ஆயில் ஊற்றி வைத்த தேய்ந்த இன்ஜின்கூட முதல் ஐந்து நிமிடம் அருமையாகத்தான் காட்டும்.