அழகான வெட்டுமுகம், செத்துப்போன பூச்சு

பழுதடைந்த பொருளைப் பார்த்தால் பழுது கண்ணில் பட வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். ஜெட் எஞ்சின்களில் சூடான வாயுவில் சுழலும் டர்பைன் பிளேடுகள்மேல், வெப்பம் தாக்காமல் இருக்கப் பூசிய பீங்கான் பூச்சை அறுத்து, தேய்த்து, மெருகேற்றி, நுண்ணோக்கியில் பார்ப்பது என் வேலை. அங்கே இந்த எதிர்பார்ப்பு உதவாது. உருகிய மணல் ஊறிப்போன பூச்சின் வெட்டுமுகம், புதுப் பூச்சைவிடப் பார்க்க நன்றாக இருக்கும். துளை இல்லை, கீறல் இல்லை, ஒரே சீராக வழவழவென்று இருக்கும். புதிதாகச் சேரும் பொறியாளர்களிடம் இரண்டு படங்களையும் விவரம் சொல்லாமல் நீட்டுவேன். "அடர்த்தியாக இருப்பதுதான் நல்ல பூச்சு, சார்" என்பார்கள். கல்லூரியில் உலோகங்களைப் பற்றிப் படித்துவிட்டு வருபவர்கள் வேறு என்ன சொல்வார்கள்? உலோக வார்ப்பில் துளை என்றால் குறைதானே.

இந்தப் பூச்சில் துளைதான் உயிர். எடையில் 7 முதல் 8 சதவீதம் இட்ரியா (இட்ரியம் ஆக்சைடு) கலந்த சிர்கோனியா (சிர்கோனியம் ஆக்சைடு), பல எஞ்சின்களில் கால் மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனில், நிக்கல் கலப்புலோகத்தின்மேல் உட்கார்ந்திருக்கிறது. சூடேறினால் அந்த உலோகம் பீங்கானைவிட அதிகமாக விரியும். குளிர்ந்தால் அதிகமாகச் சுருங்கும். நடுவில் மாட்டிக்கொண்ட பூச்சு உடையாமல் இருப்பதற்குக் காரணம் அதற்குள் இருக்கும் இடைவெளிகள். எலெக்ட்ரான் கற்றையால் ஆவியாக்கிப் படியவைத்த பூச்சில், நெருங்கி நிற்கும் தூண்களுக்கு நடுவே சந்துகள் இருக்கும். பிளாஸ்மாவால் தெளித்த பூச்சில், அடுக்கடுக்கான தகடுகளுக்கிடையே மெல்லிய கீறல்களும் துளைகளும் இருக்கும். வெப்பம் உள்ளே எளிதில் கடக்காமல் தடுப்பதிலும் அவற்றுக்குப் பங்குண்டு.

எஞ்சின் காற்றோடு சேர்த்துத் தூசியையும் மணலையும் விழுங்குகிறது; சில சமயம் எரிமலைச் சாம்பலையும். அவற்றில் பொதுவாக இருப்பவை கால்சியம், மெக்னீசியம், அலுமினியம் ஆகியவற்றின் ஆக்சைடுகளும் சிலிக்காவும். நான்கின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ஆய்வகங்களில் 'சிமாஸ்' என்போம். ஏறத்தாழ 1200 முதல் 1250 டிகிரி செல்சியஸில் இது உருகிக் கண்ணாடிக் குழம்பாகிறது. பூச்சின் மேற்பரப்பு இதைவிடக் குளிர்ந்திருந்த காலத்தில் மணல் வெறுமனே தேய்த்துவிட்டுப் போனது. எரிபொருளை மிச்சப்படுத்த எஞ்சின்களின் வெப்பத்தை ஏற்றிக்கொண்டே போனோம். மணல் உருகும் எல்லைக்குள் நாமே நுழைந்தோம். உருகிய குழம்பு சிர்கோனியாவை நன்றாக நனைக்கும். நுண்குழாய் ஈர்ப்பில் தூண்களின் சந்துகள் வழியே சில நிமிடங்களிலேயே அடிவரை இறங்கிவிடும்.

சூடாக இருக்கும்வரை பெரிய ஆபத்து வெளியே தெரியாது. எஞ்சினை நிறுத்தும்போதுதான் கணக்கு தீர்க்கப்படுகிறது. குழம்பு உறைந்து கண்ணாடியாகிறது, வளைந்து கொடுத்த பூச்சு விறைத்துவிடுகிறது, அடியிலிருக்கும் உலோகம் சுருங்குகிறது. பழைய சுவரில் காரை பெயர்வதுபோல் பூச்சு பொத்தென்று பெயர்ந்து வருகிறது.

இந்தக் குளிர்தலுக்கு இன்னொரு முகமும் உண்டு. 1982 ஜூன் 24 அன்று இந்தோனேசியாவின் கலுங்குங் எரிமலைச் சாம்பலுக்குள் நுழைந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் 9, 1989 டிசம்பர் 15 அன்று அலாஸ்காவின் ரிடௌட் சாம்பலுக்குள் நுழைந்த கேஎல்எம் விமானம் 867 ஆகிய இரண்டிலும் நான்கு எஞ்சின்களும் நின்றன. உருகிய சாம்பல் டர்பைன் பகுதியில் ஒட்டிக் காற்றின் வழியை அடைத்திருந்தது. நின்ற எஞ்சின்கள் குளிர்ந்தபோது அந்தப் படிவு உடைந்து ஓரளவு உதிர்ந்ததும், சாம்பலைவிட்டு விமானம் வெளியே வந்ததும் சேர்ந்துதான் அவற்றை மீண்டும் இயக்க முடிந்தது. பூச்சை அழிக்கும் அதே குளிர்ச்சி அன்று விமானங்களைக் காப்பாற்றியது.

வேதிச் சேதம் தனிக் கதை. குழம்பு சிர்கோனியாவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. பின்பு அதே சிர்கோனியா இட்ரியாவை இழந்து குட்டி உருண்டைகளாகப் படிகிறது. கூர்மையாக நின்ற தூண் முனைகள் இருந்த இடத்தில் படத்தில் மணிமணியாகத் தெரியும். இட்ரியா குறைந்த சிர்கோனியா குளிரும்போது படிக வடிவம் மாறி, பருமனில் நாலைந்து சதவீதம் உப்பும். ஏற்கெனவே விறைத்திருக்கும் பூச்சுக்கு அது போதும்.

ஆய்வகத்தில் இதையெல்லாம் செய்து பார்ப்பது எளிது. ஆக்சைடுப் பொடியை ஆல்கஹாலில் குழைத்துத் தடவி, உலர்த்தி, 1250 டிகிரி உலையில் வைத்து எடுக்க வேண்டும். மாதிரி முழுசாக வெளியே வந்தது என்று உடனே அறிக்கை எழுதக் கூடாது. சில பூச்சுகள் அறை வெப்பத்துக்கு வந்து மணிக்கணக்கில் மேசைமேல் சும்மா கிடந்த பிறகு உரிந்து விழும். காற்றின் ஈரம் அந்த விரிசலைத் தூண்டுகிறது. ஆகவே மறுநாளும் பார்த்துவிட்டுத்தான் எழுதுவோம். அறுப்பதற்கு முன் வெற்றிடத்தில் எபாக்சி என்ற பிசினை ஊற்றி இறுக்கவும் வேண்டும்; இல்லையென்றால் அறுவையில் வந்த விரிசலையும் எஞ்சினில் வந்த விரிசலையும் பிரித்துச் சொல்ல முடியாது.

தீர்வு என்றதும் பலரும் குழம்போடு வினைபுரியாத பொருளைத்தான் தேடச் சொல்வார்கள். அந்த வெப்பத்தில் உருகிய சிலிகேட்டைச் சட்டை செய்யாத ஆக்சைடு கிடைப்பது அரிது. பயன்பட்டது நேர் எதிரான யோசனை. கடோலினியமும் சிர்கோனியமும் சேர்ந்த ஆக்சைடான கடோலினியம் சிர்கோனேட், குழம்போடு மிக வேகமாக வினைபுரிகிறது. அபடைட் என்ற கனிமத்தின் அமைப்பைக் கொண்ட படிகம் உருவாகி, குழம்பு ஆழமாக இறங்குவதற்குள் சந்துகளின் வாயை அடைத்துவிடுகிறது. மேலே சில மைக்ரான்களைப் பலிகொடுத்து அடியில் இருப்பதைக் காக்கும் ஏற்பாடு. ஆனால் இந்தப் பொருள் எளிதில் விரிசல் விடும். பூச்சுக்கு அடியில் உலோகத்தின்மேல் வளரும் அலுமினா (அலுமினிய ஆக்சைடு) படலத்தோடும் ஒத்துப்போகாது. அதனால் கீழே பழைய இட்ரியா-சிர்கோனியா அடுக்கை வைத்து, மேலே இதைப் போடுகிறார்கள்.

வடிவமைப்பாளர்களோடு எனக்கு ஓயாத வழக்கு ஒன்று உண்டு. உலையில் மாதிரியின் மேலும் கீழும் ஒரே சூடு. குழம்பு தடையில்லாமல் அடிவரை போகிறது. எஞ்சினில் உலோகத்தின் உள்ளே குளிர்காற்று ஓடுவதால், பூச்சுக்குள் ஆழம் செல்லச் செல்ல வெப்பம் குறைகிறது. குழம்பு ஓர் ஆழத்தில் உறைந்து நின்றுவிடும். உண்மைத் தூசியில் இரும்பு ஆக்சைடும் சல்பேட்டுகளும் வேறு கலந்திருக்கும், ஆய்வகக் கலவையில் பெரும்பாலும் இருக்காது. உலைச் சோதனையில் கிடைத்த எண்ணை வைத்துக்கொண்டு பிளேடின் ஆயுளைச் சொல்லுங்கள் என்று அவர்கள் கேட்பார்கள். உலை எண், இரண்டு பூச்சுகளில் எது மேல் என்று சொல்லும். எத்தனை மணி நேரம் பறக்கலாம் என்று சொல்லாது. சுடர் வைத்து ஒரு பக்கம் சூடாக்கி, மறுபக்கம் குளிர்விக்கும் சோதனைக்குப் பணம் ஒதுக்குங்கள் என்று ஒவ்வொரு திட்டக் கூட்டத்திலும் கேட்கிறேன். அடுத்த கூட்டத்திலும் கேட்பேன்.