கறுப்பு நாயும் ஏற்காட்டு மூடுபனியும்

ஏற்காடு ஏரிக்கரையில் இருட்டும் நேரத்தில் ஃபிளாஷ் போட்டு எடுத்த எங்கள் கறுப்பு நாயின் படங்களை வைத்து, 1996-இலேயே பொதுவெளிக்கு வந்த இலவச மென்பொருளான கிம்ப்பில் படத்திருத்தம் கற்று வருகிறேன். ஃபிளாஷில் சிவந்து தெரியும் மனிதக் கண்களைச் சரிசெய்யும் ரெட்-ஐ கருவி நாயின் கண்களுக்கு உதவாது. நாயின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியனுப்பும் படலம் இருப்பதால் கண்கள் பச்சையாகவோ மஞ்சளாகவோ மின்னுகின்றன, அந்தக் கருவியோ சிவப்பையே தேடுகிறது. ஆகவே கண்மணியை மட்டும் தேர்வு செய்து, ஓரத்தை மென்மையாக்கி, நிறச்செறிவைக் குறைத்த பிறகு இருட்டாக்குகிறேன். நடுவிலுள்ள வெள்ளைப் புள்ளியை மட்டும் தொடக்கூடாது, அது போனால் பொம்மைக் கண்தான். மூடுபனியில் வெளிறிய பின்னணிக்கு, படத்தின் கருமையையும் வெளிச்சத்தையும் சரிசெய்யும் லெவல்ஸ் போதும், ஆனால் அது நாயின் ரோமத்தையும் விழுங்கிவிடாதிருக்க மாற்றம் எங்கே படலாம், எங்கே படக்கூடாது என்று மறைத்துக்காட்டும் லேயர் மாஸ்க் தேவை. பனியை அறவே நீக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. அப்படியானால் மலைக்குக் கீழே சேலம் நகரத்து அஸ்தம்பட்டியிலேயே எடுத்திருக்கலாமே.