ரசம் சாப்பாடா, தண்ணியா?

எடை குறைய இரைப்பையில் செய்துகொண்ட ஆபரேஷன் முடிந்து ஐந்தாவது வாரம் டயட்டீசியன் மேடத்திடம் இதைத்தான் முதலில் கேட்டேன். "மேடம், ரசம் சாப்பாட்டுக் கணக்குல வருமா, தண்ணிக் கணக்குல வருமா?" அவர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. ஒரு வாரமாக மண்டையைக் குடைந்துகொண்டிருந்த விஷயம் அது.

கையில் ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். சாப்பிடும்போது தண்ணீர் கூடாது, சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் குடிக்க வேண்டும். ரொட்டியும் கறியும் தின்கிற ஊருக்கு அந்தத் தாள் சரி. நமக்குச் சோறு என்பதே எதையாவது ஊற்றிப் பிசைவதுதானே. குழம்பு ஊற்றி ஒரு சுற்று, ரசம் ஊற்றி ஒரு சுற்று, மோர் ஊற்றி ஒரு சுற்று. இதில் எங்கே சாப்பாடு முடிந்து எங்கே தண்ணீர் ஆரம்பிக்கிறது?

நான் நாமக்கல் பக்கம் பைபாஸ் ரோட்டில் எடை மேடை வைத்திருக்கிறேன். 19 வருஷமாச்சு. தீவன லோடு, மக்காச்சோளம், சேகோ ஃபேக்டரிக்குப் போகிற மரவள்ளிக் கிழங்கு என்று எது வந்தாலும் ஏற்றி, லோடு எடை, காலி எடை, நிகர எடை போட்டுச் சீட்டு கிழித்துக் கொடுப்பது வேலை. என் எடையை மட்டும் நான் போட்டதே இல்லை. போட முடிந்ததும் இல்லை. மெடிக்கல் ஷாப் மெஷினில் ஏறினால் முள் கடைசிக் கோட்டைத் தாண்டி நின்றுவிடும். ஒரு நாள் ராத்திரி, லாரி எதுவும் இல்லாத நேரம், கேபினிலிருந்து வெளியே வந்து மேடை நடுவில் நின்றேன். கேபின் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தால் 140 என்று சிவப்பில் எரிந்தது. என் மேடை 10 கிலோ பத்துக் கிலோவாகத்தான் காட்டும். அது இவ்வளவு சின்ன எடைக்கான மெஷினும் கிடையாது. ஆனால் ஒரு மனுஷன் தன்னை லாரி மேடையில் எடை போட்டுக்கொள்கிற நிலைமைக்கு வந்துவிட்டான் என்பதைச் சொல்ல அந்த 140 போதும். ஆஸ்பத்திரி மெஷினில் சரியாக 138. உயரம் 170 சென்டிமீட்டர். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று பார்க்கிற பி.எம்.ஐ. கணக்கு 47க்கு மேல். ஒன்பது வருஷ சுகர், தினம் இன்சுலின், ரெண்டு முட்டியும் போச்சு.

எனக்குச் செய்தது கேஸ்ட்ரிக் பைபாஸ். பைபாஸ்காரனுக்கே பைபாஸா என்று டிரைவர்கள் கிண்டல் பண்ணியே தீர்த்தார்கள். ஊரில் பாதிப் பேர் "வயித்தை வெட்டி எடுத்துட்டாங்களாமே" என்று கேட்கிறார்கள். வெட்டி எடுப்பது ஸ்லீவ் என்கிற இன்னொரு ஆபரேஷன். அதில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிட்டு, மிச்சத்தை வாழைக்காய் மாதிரி விட்டுவிடுவார்கள். எனக்கு எதையும் எடுக்கவில்லை. மேலே 30 மில்லி அளவுக்கு ஒரு சின்னப் பையைத் தனியாகப் பிரித்து, சிறுகுடலைக் கொண்டுவந்து அதில் இணைத்தார்கள். பழைய இரைப்பை உள்ளேயேதான் இருக்கிறது, சாப்பாடு மட்டும் அந்தப் பக்கம் போவதில்லை. ரோட்டு பைபாஸும் அப்படித்தானே. ஊர் அங்கேயே இருக்கும், லாரி உள்ளே போகாது.

30 மில்லி என்றால் எவ்வளவு என்று எனக்கு முதலில் உறைக்கவில்லை. ஆபரேஷனுக்கு மறுநாள் நர்ஸ் ஒரு டானிக் மூடி மாதிரி பிளாஸ்டிக் கப்பில் தண்ணீர் கொடுத்து, இதைக் கால் மணி நேரம் குடிங்க என்றார். தமாஷ் என்று நினைத்தேன். ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து கடகடவென்று இறக்குகிறவன் நான். ரெண்டாவது வாய்க்கே உள்ளே யாரோ கதவைச் சாத்தின மாதிரி ஆனது. அந்தக் கப்பை வீட்டுக்கு எடுத்து வந்தேன். இன்னும் சாமி ரூம் அலமாரியில் இருக்கிறது.

முதல் ரெண்டு வாரம் தண்ணியாகத்தான். பருப்புத் தண்ணி, மோர், இளநீர், புரோட்டீன் பவுடர். அடுத்த ரெண்டு வாரம் எல்லாவற்றையும் மிக்ஸியில் அடித்து. எங்கள் அம்மா கம்பங்கூழ் கரைத்து, அதையும் வடிகட்டி, "குழந்தைக்குச் சோறூட்டற மாதிரி இருக்குது சாமி" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். 46 வயசுக் குழந்தை.

அதற்கப்புறம் மெதுவாகக் கெட்டி ஆகாரம். இங்கேதான் நாமக்கல்காரனுக்கு ஒரு மானக்கேடு நடந்தது. தினம் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும் என்று தாளில் இருந்தது. ஒரு முட்டைக்கு 6 கிராம். முட்டைக்கா நமக்குப் பஞ்சம்? ஏழாவது வாரம் எடை மேடைக்கு வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டேன். மனைவி ஒரு அவிச்ச முட்டை டப்பாவில் போட்டுக் கொடுத்து, "ஏனுங்க, இருபது நிமிஷம் மென்னு தின்னுங்க" என்று சொல்லித்தான் அனுப்பினாள். ரெண்டு லாரிக்கு நடுவில் ஐந்து நிமிஷம் கிடைத்தது. பழைய பழக்கம், ரெண்டே கடி. மஞ்சள் கரு போய் நெஞ்சுக்குழியில் கல்லு மாதிரி உட்கார்ந்தது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. வாயில் எச்சில் நுரை நுரையாக ஊறுகிறது, சோப்புத் தண்ணி மாதிரி, துப்பத் துப்ப வருகிறது. மேடையில் ஏறி நிற்கிற டிரைவர் ஹார்ன் அடிக்கிறான். நான் கேபினுக்குப் பின்னால் வேப்ப மரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்கிறேன். முக்கால் மணி நேரம் கழித்து அந்த முட்டை வந்த வழியே போனது. ஊரே முட்டை ஏற்றி அனுப்புகிற ஊரில் ஒரு முட்டையிடம் தோற்றுப்போன முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

அன்றைக்குப் படித்த பாடம் மெல்லுவதைப் பற்றி மட்டும் இல்லை. வயிறு நிறைந்ததை எனக்கு வயிறு சொல்வதில்லை. மூக்கு சொல்கிறது. சத்தியமாக. பை நிரம்பப் போகிறது என்றால் இடது மூக்கிலிருந்து தண்ணி ஒழுக ஆரம்பிக்கும், கூடவே ஒரு விக்கல். என்னை மாதிரி ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் நிறையப் பேர் இதே மாதிரி சொல்கிறார்கள், சிலருக்குத் தும்மல். அதற்கு மேல் ஒரு வாய் வைத்தால் முட்டைக் கதைதான். இப்போது வீட்டில் எல்லோருக்கும் இது பழகிவிட்டது. நான் துண்டை எடுத்து மூக்கைத் துடைத்தால் அம்மா பேசாமல் தட்டை எடுத்துவிடுவார். முன்பெல்லாம் "போதும்மா" என்று பத்துத் தடவை சொன்னாலும் இன்னொரு கரண்டி விழும்.

சரி, ரசத்துக்கு வருகிறேன். மேடம் சொன்ன பதில் இது. தனியாக டம்ளரில் குடித்தால் ரசம் தண்ணிக் கணக்கு, சாப்பாட்டிலிருந்து அரை மணி தள்ளிக் குடிக்கலாம். சோற்றில் ஊற்றிப் பிசைவது வேண்டாம், இப்போதைக்கு மறந்துவிடுங்கள். ஏன் என்றும் விளக்கினார். தண்ணியாக இருந்தால் சாப்பாட்டை அடித்துக்கொண்டு சின்னப் பையைத் தாண்டி இறக்கிவிடும், நிறைந்த மாதிரியே தெரியாது, சீக்கிரம் பசிக்கும். இன்னொன்று, இருக்கிற இத்தனூண்டு இடத்தில் சோற்றை நிரப்பினால் புரதம் எங்கே போகும்? அதனால் முதலில் முட்டை அல்லது கறி அல்லது பச்சைப்பயிறு கடைசல். அப்புறம் பொரியல். இடம் இருந்தால் ஒரு ரெண்டு ஸ்பூன் சோறு.

கேட்க எளிது. இலை போட்டு உட்காரும்போதுதான் அது எவ்வளவு பெரிய மாற்றம் என்று தெரிகிறது. நம் இலையில் சோறுதான் நடுவில் இருக்கிற ராஜா. பொரியல், கூட்டு, முட்டை எல்லாம் ஓரத்தில் தொட்டுக்கொள்ள வந்த பரிவாரம். எனக்கு இலையே தலைகீழாகிவிட்டது. தொட்டுக்கொள்வதுதான் இப்போது சாப்பாடு. சோற்றைத் தொட்டுக்கொள்கிறேன். எங்கள் பக்கத்து அரிசிம்பருப்பு சாதத்தைக் கூட, பருப்பை ரெண்டு பங்கு போட்டு அரிசியைக் குறைத்து, மனைவி எனக்குத் தனியாக ஒரு சின்னக் குக்கரில் வைக்கிறாள். "இது பருப்பரிசி சாதம்" என்று மகள் பேர் வைத்தாள்.

இனிப்பைப் பற்றி எச்சரித்திருந்தார்கள். எச்சரிக்கை என்றால் நமக்கு என்றைக்குக் காதில் ஏறியிருக்கிறது? ஆறாவது மாதம் ராசிபுரத்தில் ஒரு சொந்தக்காரர் கல்யாணம். பாயாசம் ஒரு சின்ன கப்பு, அதில் என்ன வந்துவிடப் போகிறது என்று குடித்தேன். பதினைந்து நிமிஷத்தில் நெஞ்சு லாரி இன்ஜின் மாதிரி அடித்துக்கொள்கிறது, சட்டை தொப்பலாக நனைந்தது, கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. வயிற்றில் கடமுடா. மாரடைப்பு என்று மனைவி அலறியதில் பந்தியே எழுந்துவிட்டது. ஒரு மாமா ஓடிப்போய் கோலி சோடா உடைத்துக்கொண்டு வந்தார். கேஸ் இருக்கிற எதையும் நான் தொடக் கூடாது, அதை எடுத்துச் சொல்ல வாயில் தெம்பு இல்லை, கையை மட்டும் ஆட்டுகிறேன். அவர், "வேண்டாங்கறான் பாரு, ரோஷக்காரன்" என்று வாயில் ஊற்றப் பார்க்கிறார். மணமகள் அறையில் பாயை விரித்துப் படுக்க வைத்தார்கள். ஒரு மணி நேரத்தில் ஒன்றும் நடக்காத மாதிரி எழுந்து உட்கார்ந்தேன். டம்பிங் என்று அதற்குப் பேர். சர்க்கரை நேராகச் சிறுகுடலில் போய் இறங்கி, உடம்பிலிருக்கிற தண்ணியை அங்கே இழுத்துக்கொள்வதால் வருவது. அதற்கப்புறம் பாயாசத்தைப் பார்த்தால் எனக்கு அந்தக் கோலி சோடா மாமாதான் ஞாபகத்துக்கு வருகிறார்.

ஆனால் மோசக்காரன் பாயாசம் இல்லை, முறுக்கு. யாரும் சரியாகச் சொல்லித் தராத விஷயம் இது. கறி அடைக்கும், முட்டை அடைக்கும், மெத்தென்ற பன் அடைக்கும். முறுக்கும் மிக்சரும் அடைக்கவே அடைக்காது. வாயில் கரைந்து மணல் மாதிரி இறங்கிவிடும், மூக்கும் ஒழுகாது. சாயங்காலம் கேபினில் உட்கார்ந்து ஒரு பொட்டலம் முழுக்கத் தின்னலாம், உடம்பு ஒரு வார்த்தை கேட்காது. பத்தாவது மாதம் எடை ரெண்டு கிலோ ஏறினது அப்படித்தான். குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். இப்போது டீக்கடைக்காரரிடம் எனக்கு மிக்சர் கொடுக்க வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவர் பக்கத்துப் பையனிடம் கொடுத்தனுப்புகிறார், அது வேறு விஷயம்.

மாத்திரைகள் ஆயுசுக்கும் உண்டு. சாப்பாடு குடலின் முதல் பகுதியைத் தாண்டிப் போவதால் இரும்புச்சத்தும் கால்சியமும் சரியாக உடம்பில் சேராது. ரெண்டையும் ஒன்றாகப் போடவும் கூடாது, ரெண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும். பி12 ஊசி தனி. முட்டி வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்குகிற வலி மாத்திரைகளைத் தொடவே கூடாது, இணைத்த இடத்தில் புண் வரும். இரும்புச்சத்து மாத்திரையோடு டீ குடிக்கக் கூடாது என்பதுதான் எனக்கு எல்லாவற்றையும் விடக் கஷ்டம். எடை போட வருகிற டிரைவருக்கு டீ சொல்வதும், கூட நாமும் குடிப்பதும் இந்தத் தொழிலில் மரியாதை. இப்போது டம்ளரை வாங்கிக் கையில் வைத்துக்கொள்வேன். அது ஆறிப்போகும். யாருக்கும் தெரியாது.

நாலாவது மாதம் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. திடீரென்று எடை குறைந்தால் அப்படித்தான், திரும்ப முளைக்கும் என்றார்கள், முளைத்தது. அதற்குள் அம்மா, "பழனிக்குப் போய் மொட்டை போட்டுறலாம் சாமி, கொட்டறது முருகனுக்காவது போய்ச் சேரட்டும்" என்று கூட்டிப் போய்விட்டார். படியில் ஏறினேன். யானைப் பாதையில் கூட இல்லை, படியில். நாலு இடத்தில் உட்கார்ந்துதான், ஆனால் ஏறினேன்.

ஊர்க்காரர்கள் இன்னமும் "என்னங்ணா, சுகர் முத்திப்போச்சா?" என்றுதான் கேட்கிறார்கள். நம் ஊரில் ஒருத்தன் இளைத்தால் வியாதி, இல்லையென்றால் கடன். உண்மையில் இன்சுலினை ஆஸ்பத்திரியிலேயே நிறுத்திவிட்டார்கள். மூணு மாச சுகர் ஆவரேஜ் (ஹெச்.பி.ஏ.1.சி.) 9.4 இருந்தது, போன மாதம் 5.9. திரும்ப வரலாம், பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் ஒவ்வொரு தடவையும் சொல்கிறார். கேபினில் முன்பு ரெண்டு பிளாஸ்டிக் சேரை ஒன்றின் மேல் ஒன்று போட்டு உட்காருவேன், ஒன்று தாங்காது என்று. இப்போது ஒரு சேர்தான், ஆனால் சதை போய்விட்டதால் உட்கார்ந்தால் வால் எலும்பு குத்துகிறது. மேலே தலையணை போட்டிருக்கிறேன்.

14 மாதம் ஆகிறது. எடை 89. போன வாரம் ராத்திரி கடையை மூடும் முன் மேடையில் போய் நின்றேன். 90 என்று எரிந்தது. மேடைக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மத்தியானம் ஒன்றரைக்குச் சாப்பிடுகிறேன். இருபது நிமிஷம், மகள் வாங்கிக் கொடுத்த மணல் கடிகாரம் ரெண்டு தடவை கவிழ்கிற வரைக்கும். ரெண்டரைக்குக் கடைக்கு வந்துவிடுவேன். ரெண்டே முக்காலுக்கு அம்மா ஃபோன் பண்ணுவார். "அரை மணி ஆச்சா சாமி?" ஆச்சும்மா என்பேன். பையிலிருந்து ஃப்ளாஸ்கை எடுத்துத் திறந்தால் மிளகும் பூண்டும் முகத்தில் அடிக்கும். கொள்ளு ரசம். மூடியில் ஊற்றி, வாய் வாயாக, நாலு லாரி எடை போட்டு முடிக்கிற வரைக்கும் குடிப்பேன்.